வக்கீல் நுழைய முடியாத அறை

தொழிலாளர் வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞரின் தொழிலில், வெளியாட்களுக்கு வியப்பூட்டும் விதி ஒன்று உண்டு. வேலை பறிபோன ஒருவரின் பிரச்சினை முதலில் போய்ச் சேரும் இடம் தொழிலாளர் துறைச் சமரச அலுவலரின் அறை. அந்த அறையில் வழக்கறிஞர் யார் சார்பிலும் வாதாடக் கூடாது. 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டம் தன் 36ஆவது பிரிவில் அப்படித்தான் சொன்னது. அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டமும் அதையே வைத்திருக்கிறது. அடுத்த படியான தொழிலாளர் நீதிமன்றத்தில்கூட எதிர்த்தரப்பு சம்மதித்து, விசாரிக்கிறவரும் அனுமதித்தால்தான் வக்கீல் ஆஜராகலாம். நடைமுறையில் இரு தரப்பும் வக்கீல் வைத்துக்கொள்வதால் அந்தச் சம்மதம் பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. ஆனால் சமரசப் பேச்சில் மட்டும் கதவு மூடியேதான் இருக்கிறது.

காரணம் நியாயமானது. வசதியுள்ள நிர்வாகம் பெரிய பெரிய வக்கீல்களைக் கொண்டுவந்து நிறுத்தினால், சம்பளம் நின்றுபோன தொழிலாளி எதிரே வாயடைத்து உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதனால் அங்கே தொழிலாளியே பேசலாம், அல்லது சங்க நிர்வாகி பேசலாம். அப்படியென்றால் அந்தத் தொழிலாளிக்கோ நிர்வாகிக்கோ சட்டம் தெரிந்திருக்க வேண்டும். யாராவது முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். இந்தத் தொழிலில் இருப்பவர் பாடம் நடத்துவதும், காசு வாங்காமல் சில வேலைகள் செய்வதும் பெருந்தன்மையால் மட்டும் வருவதல்ல, வேலையே அப்படி அமைந்திருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். வரதராஜப் பெருமாள் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தறி ஓடும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. அதே வீட்டுப் பிள்ளைகள் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் போகிறார்கள். காந்தி ரோட்டுப் பட்டுக் கடைகளில் நாள் முழுக்கச் சேலை விரித்துக் காட்டும் பெண்களும் இந்தத் தெருக்காரர்கள்தான். இந்த மூன்று வகை வேலைக்கும் மூன்று வகைச் சட்டம்.

முதலில் தொழிற்சாலை. ஒருவருக்குச் சார்ஜ் மெமோ வருகிறது: இன்ன தேதியில் சூப்பர்வைசர் சொன்னதைக் கேட்கவில்லை, இத்தனை மணிக்குள் விளக்கம் தர வேண்டும். பயத்தில் நம் பையன் என்ன எழுதுவான்? ‘தவறு நடந்துவிட்டது, இந்த ஒருமுறை மன்னித்துவிடுங்கள், இனிமேல் இப்படி நடக்காது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவான். அடுத்து உள்விசாரணை நடக்கும். அங்கேயும் வக்கீலை உரிமையாகக் கேட்க முடியாது; உடன் வேலை செய்பவர் ஒருவரையோ சங்க நிர்வாகியையோ உதவிக்கு வைத்துக்கொள்ளலாம். நிர்வாகத்தின் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்புத் தருவார்கள். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் ‘கேள்வி இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பான். பிறகு டிஸ்மிஸ் உத்தரவு, சமரசம், தோல்வி அறிக்கை எல்லாம் தாண்டி வழக்கு தொழிலாளர் நீதிமன்றத்துக்கு வரும்போது, வக்கீல் கையில் கிடைப்பது ஏற்கெனவே முடிந்துபோன ஒரு கட்டு. அதில் முதல் தாளே அந்த மன்னிப்புக் கடிதம்.

ஆகவே அனுபவமுள்ள வழக்கறிஞர் சங்க வகுப்பில் முதலில் நடத்தும் பாடம் மெமோவுக்குப் பதில் எழுதுவது எப்படி என்பதுதான். எந்த ஆவணத்தை வைத்து இந்தக் குற்றச்சாட்டு, அதன் நகல் வேண்டும் என்று கேளுங்கள். செய்யாததைச் செய்ததாக எழுதாதீர்கள். கொடுத்த பதிலுக்கு ஒப்புதல் வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சஸ்பெண்டு செய்தால் பிழைப்பூதியம் உண்டு. தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் 90 நாளுக்குச் சம்பளத்தில் பாதி, அடுத்த 90 நாளுக்கு முக்கால், 180 நாளைத் தாண்டினால் முழுச் சம்பளம். இது தெரிந்தவர் விசாரணையை இழுத்தடித்தாலும் கலங்க மாட்டார்.

தமிழ்நாட்டில் இன்னொரு எண்ணையும் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்க வேண்டும்: 480. தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் 1981ஆம் ஆண்டு மாநிலச் சட்டம், 24 மாதங்களுக்குள் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. ஒரகடம் பக்கம் ‘டிரெய்னி’, ‘கான்ட்ராக்ட்’ என்று விதவிதமான பெயர்களில் வேலை பார்ப்பவர்கள் ஏராளம். இவர்கள் வந்தால் வக்கீல் முதலில் செய்வது நாள் எண்ணுவது. சம்பளச் சீட்டு, பி.எஃப். கணக்கு, இ.எஸ்.ஐ. பதிவு, வருகை அட்டை, கம்பெனி கொடுத்த பாதுகாப்புப் பயிற்சிச் சான்று என்று கிடைத்த தாளையெல்லாம் மேசைமேல் பரப்பி, மாதவாரியாகக் கட்டம் போட்டு எண்ண வேண்டும். சம்பளத்துடன் எடுத்த விடுப்பு, வேலையில் அடிபட்டுப் படுத்த நாள், பிரசவ விடுப்பு எல்லாம் கணக்கில் சேரும். இத்தனை நாள் வேலை பார்த்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலில் தொழிலாளியுடையது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பதிவேடுகள் நிர்வாகத்திடம்தான் இருக்கின்றன, அவற்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்று மனுப் போட்டுக் கேட்கவும் வழி உண்டு. சினிமாவில் காட்டும் ஆவேச வாதம் எதுவும் இதில் இல்லை. பொறுமையாக எண்ணுகிறவர் ஜெயிக்கிறார்.

சங்கம் வைப்பதும் எளிதல்ல. 2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அக்டோபர் நடுவில்தான் அது முடிந்தது. சங்கத்தைப் பதிவு செய்வதே அதன் முக்கியக் கோரிக்கை. அந்தப் பதிவு உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் கைக்கு வந்தது. இந்த ஊர்ப் பிள்ளைகள் பலர் அந்த வேலைநிறுத்தப் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். பந்தலில் பேசியவர்கள் தொழிற்சங்கத் தலைவர்கள். பதிவுக்கான ஆவணங்களை அடுக்கி, ஆட்சேபத்துக்குப் பதில் எழுதி, ரிட் மனுவைத் தயாரிப்பது வெளியே தெரியாத வக்கீல் வேலை.

பட்டுக் கடைகளுக்கு வேறு சட்டம்: 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம். ஆறு மாதம் வேலை பார்த்துவிட்ட ஒருவரை நியாயமான காரணமோ ஒரு மாத நோட்டீஸோ இல்லாமல் ‘நாளையிலிருந்து வராதே’ என்று சொல்லிவிட முடியாது, மேல்முறையீடு உண்டு. 2021இல் இதே சட்டத்தில் சேர்த்த திருத்தம் ஊழியர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்கிறது. கல்யாண முகூர்த்த நாள்களில் பத்து மணி நேரம் நின்றே வேலை பார்த்துக் கால் வீங்கிப்போகும் பெண்களை இந்த ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தச் சட்டம் இருப்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

இனித் தறி. இங்கேதான் தொழிலாளர் சட்டம் உண்மையாகவே திணறுகிறது.

ஒரு வீட்டைப் பாருங்கள். தறி நெசவாளியுடையது, வீடும் அவருடையது. பட்டும் ஜரிகையும் கடை முதலாளி எடை போட்டுத் தருகிறார். டிசைன் அவர் சொல்வது. சேலை முடிந்ததும் எடை பார்த்து, குறை இருந்தால் பிடித்துக்கொண்டு, மிச்சத்தைக் கூலியாகத் தருகிறார். மாதச் சம்பளம் கிடையாது, வருகைப் பதிவு கிடையாது, இன்ன மணிக்கு வா என்று சொல்பவர் கிடையாது. இவர் தொழிலாளியா, தனியாகத் தொழில் செய்பவரா?

‘தொழில் செய்பவர்’ என்றால் முதலாளிக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. ‘தொழிலாளி’ என்று நிறுவ வக்கீல் கையிலெடுப்பது இரண்டு பழைய தீர்ப்புகளை. ஒன்று, 1973இல் உச்ச நீதிமன்றம் தந்த சில்வர் ஜூபிலி தையலக வழக்கு. துணிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கித் தைத்தவர்கள், நேரத்துக்கு வந்துபோகும் கட்டாயம் இல்லாதவர்கள். ஆனாலும் வேலை சரியில்லை என்றால் திருப்பித் தரும் அதிகாரம் கடைக்காரரிடம் இருந்தது, அதனால் அவர்கள் ஊழியர்களே என்று நீதிமன்றம் முடிவு செய்தது. இன்னொன்று, 1978இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய ஹுசைன்பாய் வழக்கு. கோழிக்கோட்டுக் கயிற்றுத் தொழிற்சாலை. ஆளைக் கொண்டுவந்தவர் ஒப்பந்தக்காரர், ஆனால் உழைப்பில் விளைந்த பொருள் யாருடைய வியாபாரத்துக்குப் போனதோ அவரே முதலாளி என்று அந்தத் தீர்ப்பு திரையை விலக்கிப் பார்த்தது. வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுபவர்களுக்கு 1966லேயே தனிச் சட்டம் வந்து இந்தச் சிக்கல் ஓரளவு தீர்ந்தது. பட்டுத் தறிக்காரருக்கு அந்த அளவு தெளிவு கிடைக்கவில்லை. கைத்தறித் தொழிலாளர்களுக்கென்று 1981இல் தமிழ்நாடு ஒரு சட்டம் இயற்றியது. கைத்தறி, கைத்தறிப் பட்டு நெசவாளர்களுக்கு நல வாரியமும் இருக்கிறது. கல்வி உதவி, திருமண உதவி, ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு வாரியத்தில் பதிவு செய்யலாம். கூலித் தகராறு வந்தால் மட்டும் அந்தப் பதிவு போதாது.

அப்போது உதவுவது கணக்கு நோட்டு. கொடுத்த பட்டின் எடை, ஜரிகையின் எடை, முன்பணம், பிடித்தம், கூலி எல்லாம் எழுதிய அந்தச் சின்ன நோட்டில்தான் முதலாளி, தொழிலாளி உறவுக்கான சாட்சி இருக்கிறது. நோட்டு முதலாளியிடமே இருந்தால், மாதம் ஒருமுறை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வார் விவரம் தெரிந்த வக்கீல். கூட்டுறவுச் சங்கத்துக்கு நெய்பவரின் நிலை வேறு. அவர் சங்கத்தின் உறுப்பினர், ஒருவகையில் முதலாளியும் அவரே. தகராறு வந்தால் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 90ஆவது பிரிவுக்குத்தான் பெரும்பாலும் போக வேண்டும்.

முன்பணத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் வரும் கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். கரை நாடாவை வீச உட்காரும் கையாளாக ஒரு காலத்தில் பிள்ளைகள் அமர்த்தப்பட்டார்கள். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளைகள் தறிக்குழியில் இருப்பதை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கை காஞ்சிபுரத்தின் பெயர் சொல்லியே பதிவு செய்தது. பள்ளிகளாலும் அரசு நடவடிக்கைகளாலும் அந்த நிலை பெரிதும் மாறியிருக்கிறது. ஆனால் சட்டம் தெரிந்திருப்பது இன்றைக்கும் தேவை. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி, வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக ஒருவரை வேறெங்கும் வேலைக்குப் போகவிடாமல் கட்டிவைத்தால் அந்தக் கடனே செல்லாது. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்று 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனு போக வேண்டிய இடம் கோட்டாட்சியர் அல்லது ஆட்சியர் அலுவலகம். அந்த மனுவை எழுதிக் கொடுக்கும் வக்கீல் அதற்குக் கட்டணம் வாங்க முடியுமா? முன்பணத்தில் சிக்கிய குடும்பத்திடம் எதை வாங்குவது?

பாடம் நடத்தும் வக்கீல்களுக்குத் தமிழ்நாட்டில் நல்ல முன்னோடி உண்டு. சென்னையில் ரோ அண்டு ரெட்டி என்ற வழக்கறிஞர் அலுவலகம் தொழிலாளர்களின் வழக்குகளுக்குப் பெயர்போனது. அதன் வி.ஜி. ரோ, மக்கள் கல்விச் சங்கம் ஒன்றின் பொதுச் செயலாளராகவும் இருந்தார். சமூக அறிவியலையும் அரசியல் கல்வியையும் மக்களிடம் பரப்புவது அதன் நோக்கம். 1950 மார்ச் 10 அன்று சென்னை மாநில அரசு அந்தச் சங்கத்தைச் சட்டவிரோதம் என்று அறிவித்தது. ரோ வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றத்தில் வென்றார். அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. 1952 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றமும் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. சங்கம் அமைக்கும் உரிமையைப் பற்றிப் பேசும்போது சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கும் வழக்கு இது. மக்களுக்குக் கல்வி பரப்பும் சங்கத்துக்காக ஒரு வழக்கறிஞரே நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது என்பதை மாணவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

அதே அலுவலகத்தில் எட்டு ஆண்டு வேலை பார்த்தவர் கே. சந்துரு. மாணவர் இயக்கத்தில் இருந்தபோது, 1971இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் உதயகுமார் இறந்தது குறித்த விசாரணை ஆணையத்தில் மாணவர்கள் தரப்பில் பேசப் போனார். அதுதான் அவரைச் சட்டப் படிப்புக்குக் கொண்டுவந்தது. 1976இல் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். தொழிலாளர் வழக்குகளே அவருடைய முக்கியத் தொழில். மனித உரிமை வழக்குகளுக்கு அவர் கட்டணம் வாங்கியதில்லை. கடலூர்ப் பக்கம் காவல் நிலையத்தில் கொல்லப்பட்ட ராஜாக்கண்ணுவின் மனைவிக்காக 1993இல் அவர் நடத்திய வழக்குதான் பின்னாளில் ‘ஜெய் பீம்’ படமானது. 2006இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாகி, 2013 மார்ச்சில் ஓய்வு பெறும்போது சுமார் 96,000 வழக்குகளை முடித்திருந்தார். ஓய்வு பெற்ற நாளில் அரசு காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மின்சார ரயிலில் வீட்டுக்குப் போனார். பிறகும் எழுத்து, பேச்சு, அரசு அமைத்த ஆணையங்கள் என்று ஓயவில்லை. பள்ளிகளில் சாதி மோதல்களைத் தடுப்பது பற்றி 2024இல் அறிக்கை கொடுத்தவர் அவர்தான். சட்டம் படிக்கும் பிள்ளைகள் அவருடைய ‘நானும் நீதிபதி ஆனேன்’ புத்தகத்தைத் தேடிப் படிக்கலாம்.

வக்கீலாக இருந்துகொண்டே கல்லூரியில் பாடம் நடத்தலாமா என்று பலர் கேட்கிறார்கள். பதிவு செய்த வழக்கறிஞர் முழுநேரச் சம்பள வேலைக்குப் போகக் கூடாது என்பது பொது விதி. ஆனால் சட்டம் கற்பிப்பதற்கு மட்டும் 1979இல் தனி விதி வகுத்தார்கள்: நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் போகாமல் பாடம் நடத்தலாம். காலையில் வகுப்பு முடித்து, பத்தரைக்கு நீதிமன்றம் போகிறவர்கள் இந்த விதியில்தான் ஓடுகிறார்கள். சென்னையில் உள்ள தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையத்திலும் தொழிலாளர் சட்டத்துக்கெனப் படிப்புகள் உண்டு.

இலவச சட்ட உதவியில் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12ஆவது பிரிவில், தொழில்துறைத் தொழிலாளியையும் சேர்த்திருக்கிறது. அவருடைய வருமானம் எவ்வளவு என்று பார்க்க வேண்டியதில்லை. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் இப்படித்தான். பட்டுக் கடையில் வேலை இழந்த பெண்ணானாலும் ஒரகடத்தில் டிஸ்மிஸ் ஆன ஆணானாலும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் வக்கீல் கேட்கலாம். 15100 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம். பட்டியலில் உள்ள வக்கீலுக்கு ஆணைக்குழு சிறு மதிப்பூதியம் தருகிறது. அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. இருந்தாலும் இளம் வக்கீலுக்கு இதைவிட நல்ல பயிற்சி வேறில்லை என்பது என் கருத்து: வழக்கு முழுதும் தன் கையில் இருக்கும், மனுவிலிருந்து குறுக்கு விசாரணை வரை தானே செய்ய வேண்டும்.

இந்தத் தொழிலுக்கு வர விரும்பும் காஞ்சிபுரத்துப் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே வழி இருக்கிறது. செங்கல்பட்டிலும் புதுப்பாக்கத்திலும் அரசு சட்டக் கல்லூரிகள் உள்ளன. பிளஸ் டூ முடித்தால் ஐந்தாண்டுப் படிப்பு, பட்டம் வாங்கியிருந்தால் மூன்றாண்டு. பதிவுக் கட்டணமாகப் பார் கவுன்சில்கள் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தன. 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. அதன்பின் அகில இந்தியப் பார் தேர்வு. முதல் சில ஆண்டுகள் சீனியரிடம் கிடைப்பது பஸ் செலவுக்குச் சரியாக இருக்கும். இதை மறைத்துச் சொல்வது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். நிர்வாகங்களுக்கு ஆஜராகும் வக்கீல்களுக்கு வருமானம் கூடுதல். அதுவும் முறையான தொழில்தான். ஆனால் இந்தத் துறையில் எந்தப் பக்கம் நிற்பது என்பதைச் சீக்கிரமே முடிவு செய்ய வேண்டியிருக்கும். காலையில் சங்கத்துக்கு வகுப்பெடுத்துவிட்டு மாலையில் அதே ஆலை நிர்வாகத்துக்கு ஆலோசனை சொன்னால் வாயிற்கூட்டத்தில் யாரும் நம்ப மாட்டார்கள்.

இப்போது வருகிறவர்கள் பழையதையும் புதியதையும் சேர்த்துப் படித்தாக வேண்டும். 29 மத்தியச் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கி, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த வேலைநிறுத்த முன்னறிவிப்புக் கட்டாயம் இப்போது எல்லாத் தொழிற்சாலைகளுக்கும். 14 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன் அனுமதி 100 பேர் உள்ள ஆலைக்கே வேண்டியிருந்தது. இனி 300 பேர். வேலை நீக்கத்தை எதிர்த்துத் தகராறு எழுப்ப இருந்த மூன்று ஆண்டுக் கெடு இரண்டாகிவிட்டது. சமாதானமாகப் போய்விடலாம் என்று நிர்வாகம் சொல்வதை நம்பிக் காத்திருந்து கெடுவைத் தவறவிடுகிறவர்கள் முன்பே நிறைய. இனி அந்த ஆபத்து இன்னும் அதிகம். டிஸ்மிஸ் உத்தரவு கைக்கு வந்த தேதியை அதன் உறையோடு பத்திரப்படுத்திவிட்டு, அந்த வாரமே சமரச அலுவலரிடம் மனுக் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். இதற்கு வக்கீல் வேண்டியதில்லை, ஒரு வெள்ளைத்தாள் போதும்.